நியூயார்க் மாநிலத்துக்கு என்று தனியாக ஒரு விமானப்படை எதற்கு?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் ஏர் நேஷனல் கார்டு என்று ஒரு விமானப்படை வைத்திருக்கிறார்களே, ஒரு மாநில அரசுக்கு எதற்கு விமானப்படை, அது கவர்னர் பேச்சைக் கேட்குமா, ஜனாதிபதி பேச்சைக் கேட்குமா? பக்கத்து மாநிலத்தின் மேல் குண்டு போடவா என்று கிண்டலும் சேர்த்துக் கேட்டிருந்தீர்கள்.

பக்கத்து மாநிலத்தின் மேல் போட முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைக் கொஞ்சம் விலாவாரியாகத்தான் சொல்ல வேண்டும். ஐம்பது மாநிலங்களையும் பொதுவாக வைத்துப் பேசினால் சட்டப் பாடம் மாதிரி ஆகிவிடும், அதனால் நியூயார்க்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் படையின் பழைய கதை, சோகம், விசித்திரம் எல்லாம் அங்கே ஒரே மாநிலத்தில் கிடைக்கின்றன. பனிச்சறுக்குக் கட்டை மாட்டிக்கொண்டு துருவப் பனியில் இறங்குகிற விமானங்களிலேயே பெரியது அமெரிக்காவின் எல்சி-130. இன்றைக்கு அதை ஓட்டுகிற ஒரே படைப்பிரிவு அமெரிக்கத் தலைமை விமானப்படையிலோ கடற்படையிலோ இல்லை, நியூயார்க் மாநிலத்தில் ஷெனெக்டடி என்ற சின்ன ஊரின் ஏர்போர்ட்டில் இருக்கிறது. அந்த இடத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எஜமானர் விவகாரம். அமெரிக்கக் கவர்னர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். ராஜ்பவன் கவர்னரை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் ஒன்றும் புரியாது, அதிகாரத்தில் நம் முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டு படையில் சேர்கிறவர் எடுக்கிற உறுதிமொழியிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்: நாட்டின் அரசியல் சட்டத்தையும் காப்பேன், மாநிலத்தின் அரசியல் சட்டத்தையும் காப்பேன், ஜனாதிபதிக்கும் கட்டுப்படுவேன், கவர்னருக்கும் கட்டுப்படுவேன். சாதாரண நாட்களில் கவர்னர்தான் தலைவர், அவர் நியமிக்கிற அட்ஜுடன்ட் ஜெனரல் மாநிலத்தின் தரைப்படை கார்டு, விமானப்படை கார்டு இரண்டையும் பார்த்துக்கொள்வார். பனிப்புயலோ வெள்ளமோ வந்தால் மாநிலச் செலவில் கவர்னரே கூப்பிடலாம். டைட்டில் 32 என்கிற சட்டப் பிரிவில் கூப்பிட்டால் உத்தரவு கவர்னருடையது, சம்பளம் வாஷிங்டன் கொடுக்கும். டைட்டில் 10-ல் கூப்பிட்டுவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து அவர் முழுக்க முழுக்க ஜனாதிபதியின் ஆள், கவர்னர் போன் போட்டாலும் பிரயோஜனமில்லை.

இது காகித வித்தியாசம் மட்டும் இல்லை. ராணுவத்தை வைத்து உள்நாட்டில் போலீஸ் வேலை பார்க்கக் கூடாது என்று அமெரிக்காவில் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. கவர்னருக்குக் கீழே இருக்கிற வரைக்கும் கார்டு வீரரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது, டைட்டில் 10-க்குப் போனதும் கட்டுப்படுத்தும். ஆளும் உடுப்பும் அதேதான், யார் உத்தரவில் நிற்கிறார் என்பதை வைத்து அவர் செய்யக்கூடிய வேலை மாறிவிடுகிறது.

அப்புறம், விமானம் யாருடையது என்று கேட்டால், வாஷிங்டனுடையது. வாங்கிக் கொடுப்பது, உதிரிபாகம், பயிற்சிச் செலவு எல்லாம் மத்திய அரசின் கணக்கு. கவர்னர் பயன்படுத்திக்கொள்கிறார், அவ்வளவுதான். கவர்னரால் தடுக்க முடியுமா என்பதற்கும் கோர்ட் வரை போய் விடை கிடைத்திருக்கிறது. 1980களில் ரீகன் அரசு கார்டு வீரர்களைப் பயிற்சி என்ற பேரில் மத்திய அமெரிக்க நாடுகளுக்கு அனுப்பியபோது சில கவர்னர்கள் முரண்டு பிடித்தார்கள். இடம் பிடிக்கவில்லை, நோக்கம் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகக் கவர்னர் மறுக்கக் கூடாது என்று 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. மின்னசோட்டா கவர்னர் ரூடி பெர்பிச் வழக்குப் போட்டார். 1990-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நம் நாட்டில் இப்படி ஒன்று உண்டா என்று அடுத்து கேட்பீர்கள். மாநில அரசின் கீழே கிடையாது. ஆனால் 1952-ல் ஒரு சட்டம் போட்டு, ஊர்க்காரர்களைப் பகுதிநேரமாகச் சேர்த்து, துணை விமானப்படை ஸ்க்வாட்ரன்களை, அதாவது சிறு விமானக் குழுக்களை, டெல்லி, பம்பாய், மெட்ராஸ் போன்ற நகரங்களில் ஆரம்பித்தார்கள். கொஞ்ச காலத்தில் அவையெல்லாம் வழக்கமான விமானப்படையிலேயே கரைந்துவிட்டன.

சரி, பகுதிநேரம் என்றேனே, இந்தப் படையைப் புரிந்துகொள்ள அதுதான் சாவி. கார்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருஷத்தில் இரண்டு வாரம் என்று வருகிறவர்கள். மற்ற நாளில் ஏர்லைன்ஸ் பைலட், தீயணைப்பு வீரர், வாத்தியார், மெக்கானிக். விமானி, மெக்கானிக் மாதிரி ஆட்களுக்கு இந்தக் கணக்கு போதவே போதாது, அவர்கள் இதைவிடப் பல மடங்கு நாள் வருகிறார்கள், ஒரு பங்கு ஆட்கள் முழுநேரமாகவே இருக்கிறார்கள். பகுதிநேரம் என்றதும் அரைகுறை என்று நினைத்துக்கொள்வது வழக்கம். என் கணிப்பில் விஷயம் நேர் எதிர். முழுநேர விமானப்படையில் ஒருவரை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஊர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கார்டில் மாற்றல் இல்லை. ஒரே ஹேங்கரில், ஒரே விமானத்தின் அடியில் இருபது இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்த மெக்கானிக் அங்கே சாதாரணம். கஷ்டமான, அபூர்வமான வேலைகள் ஏன் இந்த மாநிலப் படைகளின் கையில் போய்ச் சேர்ந்தன என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி நியூயார்க்கின் பழைய கதை. அங்கே நேஷனல் கார்டின் சிக்னல் (தகவல் தொடர்பு) பிரிவுக்காரர்கள் 1908-லேயே பலூன், வானூர்தி என்று ஆர்வம் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1915 நவம்பரில் லாங் ஐலண்டில் மினியோலா என்ற இடத்தில் முதலாவது ஏரோ கம்பெனி என்று ஒரு குழு முறையாக அமைந்தது. அதைக் கட்டி எழுப்பியவர் ராணுவ அதிகாரி இல்லை, ரேனல் போலிங் என்ற வக்கீல், யு.எஸ். ஸ்டீல் கம்பெனியின் சட்ட ஆலோசகர். விமானமே காசுள்ளவர்களின் பொழுதுபோக்காக இருந்த காலம் அது, கூட இருந்தவர்களும் வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான். 1916-ல் மெக்சிகோ எல்லைத் தகராறு வந்தபோது அரசு இவர்களை அழைத்தது, ஆனால் எல்லைக்கு அனுப்பவில்லை, மினியோலாவிலேயே பயிற்சியோடு நிறுத்திவிட்டது. போலிங் முதல் உலகப் போருக்குப் போய், 1918 மார்ச்சில் பிரான்சில் அமியான் பக்கம் ஜெர்மானியர்களிடம் சிக்கிச் சுடப்பட்டு இறந்தார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து 1947 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க விமானப்படை தரைப்படையிலிருந்து பிரிந்து தனிப் படையானது. ஏர் நேஷனல் கார்டும் அதே நாளைத்தான் தன் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறது. ஆரம்ப வருஷங்களில் தலைமைப் படை பயன்படுத்திக் கழித்த விமானங்கள்தான் கார்டுக்கு வரும். வாரக்கடைசி வீரர்கள் என்று கேலி செய்தவர்களும் உண்டு. 1961-ல் பெர்லின் நெருக்கடியின்போது சிரக்யூஸ் ஊரின் ஸ்க்வாட்ரன் எஃப்-86 விமானங்களோடு பிரான்சுக்குப் போய் நின்றது. 1968-ல் வடகொரியா புவெப்லோ என்ற உளவுக் கப்பலைப் பிடித்ததும் கார்டைத் திரட்டினார்கள், ஆனால் போக வேண்டியிருந்தது வியட்நாமுக்கு. அப்போது நான்கு மாநில ஸ்க்வாட்ரன்கள் எஃப்-100 போர் விமானங்களோடு போயின, நயாகரா அருவிப் பக்கத்து 136-ஆம் ஸ்க்வாட்ரன் அதில் ஒன்று, டுய் ஹோவாவில் இருந்து பறந்தார்கள். அதற்குப் பிறகு கேலி குறைந்தது.

சிரக்யூஸ் படைப்பிரிவின் கதை தனியாகவே சொல்லத் தக்கது. 1991 வளைகுடாப் போரில் இவர்களுடைய எஃப்-16-களின் வயிற்றில் 30 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றைத் தொங்கவிட்டு, தரையில் இருக்கிற டாங்கிகளைச் சுடச் சொன்னார்கள். சுட்டால் பீரங்கியும் ஆடுகிறது, விமானமும் ஆடுகிறது, குறி எங்கேயோ போகிறது. சீக்கிரமே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வழக்கமான குண்டுகளுக்குத் திரும்பினார்கள். 2010-ல் அந்த எஃப்-16-கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு எம்கியூ-9 ஆளில்லா விமானங்களைக் கொடுத்துவிட்டார்கள். காலையில் காரை எடுத்துக்கொண்டு சிரக்யூஸ் முகாமான ஹான்காக் ஃபீல்டுக்கு வந்து, ஒரு அறைக்குள் உட்கார்ந்து ஆப்கானிஸ்தான் மேல் பறந்துவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போகிற வேலை. அதை எதிர்த்து முகாம் வாசலில் பல வருஷம் தொடர்ந்து போராட்டம் நடந்தது, நிறையப் பேர் கைதும் ஆனார்கள். வீரர்களுடைய சொந்த ஊரே போர்க்களமாகிவிட்டது என்ற அந்தச் சங்கடம் எனக்கு நியாயமாகவே படுகிறது, அதைத் தாண்டிப் பேச இது இடமில்லை.

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே நியூபர்க் ஊரில் ஸ்டூவர்ட் முகாம். அங்கே 1985-லிருந்து பிரம்மாண்டமான சி-5 சரக்கு விமானங்கள் இருந்தன, இப்போது சி-17. டாங்கி, ஹெலிகாப்டர், நிவாரணப் பொருள் எதுவானாலும் ஏற்றிக்கொண்டு போகும். முக்கியமான வேலைதான், ஆனால் கதைகள் லாங் ஐலண்டில் இருக்கின்றன.

லாங் ஐலண்டின் கிழக்குக் கோடியில் வெஸ்ட்ஹாம்ப்டன் பீச் பக்கம் கப்ரெஸ்கி முகாம். இரண்டாம் உலகப் போரில் 28 விமானங்களை வீழ்த்திய விமானியின் பெயர் அது. இங்கே இருப்பது 106-ஆம் மீட்புப் படைப்பிரிவு. ஹெலிகாப்டர்களும், அவற்றுக்கு நடுவானில் எரிபொருள் கொடுக்கிற சி-130 வகை விமானங்களும், பாராரெஸ்க்யூ என்கிற மீட்பு வீரர்களும் இருக்கிறார்கள். இந்த மீட்பு வீரர் பாராசூட்டில் குதிப்பார், நீருக்கு அடியில் நீந்துவார், அடிபட்டவருக்கு முதல் சிகிச்சையும் செய்வார். தேர்வாகி முழுப் பயிற்சி முடிக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகும், பாதியிலேயே கழன்றுகொள்கிறவர்கள் அதிகம்.

நடுவானில் ஹெலிகாப்டருக்கு எரிபொருள் நிரப்புவதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சி-130-ன் இறக்கையிலிருந்து நீளமான ஒரு குழாய் பின்னால் வந்து தொங்கும், அதன் நுனியில் கூடை மாதிரி ஒரு வளையம். ஹெலிகாப்டரின் மூக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற குழாயை விமானி அந்தக் கூடைக்குள் குத்த வேண்டும். தலைக்கு மேலே தன்னுடைய விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, முன்னால் போகிற விமானத்தின் காற்று அடிக்கிறது, கொஞ்சம் அதிகமாக மேலே போனால் விசிறி அந்தக் குழாயையே வெட்டிவிடும். இவ்வளவும் அமைதியான வானத்தில். 1991 அக்டோபர் 30 அன்று அட்லாண்டிக்கில் அடித்த அந்தப் பெரிய புயலில், தனியாகப் படகில் மாட்டிக்கொண்ட ஒருவரைத் தேடிப் போன 106-இன் ஹெலிகாப்டர், அவரைத் தூக்க முடியாமல் திரும்புகிற வழியில் இதைச் செய்ய வேண்டியிருந்தது. இருட்டு, புயல் காற்று, கூடை ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. திரும்பத் திரும்ப முயன்றும் குத்த முடியவில்லை. எரிபொருள் தீருவதற்குள் வேண்டுமென்றே கடலில் இறக்குவதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. ஐந்து பேரில் நான்கு பேரைக் கடலோரக் காவல்படையின் டமரோவா கப்பல் அந்த ராட்சச அலைகளுக்குள் போய் வலையை இறக்கி மீட்டது. ரிக் ஸ்மித் என்கிற பாராரெஸ்க்யூ வீரர் கிடைக்கவே இல்லை. புத்தகம், ஹாலிவுட் படம் எல்லாம் அந்தப் புயலைப் பற்றி வந்தன, ஆனால் படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஹெலிகாப்டர் ஒரு மாநிலப் படையுடையது என்று தெரியும் என்பது சந்தேகம்தான்.

மூன்று வருஷம் கழித்து, 1994 டிசம்பரில், அட்லாண்டிக் நடுவில் ஒரு உக்ரைன் சரக்குக் கப்பல் மூழ்கியது. அதே படைப்பிரிவின் ஹெலிகாப்டர்கள் நோவா ஸ்கோஷியாவிலிருந்து கிளம்பி, நடுவானில் மீண்டும் மீண்டும் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, ஏறக்குறைய 15 மணி நேரம் கடலுக்கு மேலேயே பறந்து, உயிரோடு மிதந்துகொண்டிருந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தன. 1991-ல் எது தோற்றதோ அதே வேலைதான். 1996-ல் லாங் ஐலண்ட் கடலோரத்தில் டிடபிள்யூஏ 800 என்ற பயணிகள் விமானம் வெடித்துச் சிதறியபோது பயிற்சிக்காகப் பறந்துகொண்டிருந்த இவர்களுடைய விமானிகள் அந்த வெடிப்பைக் கண்ணால் பார்த்து, முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார்கள், மீட்க யாரும் மிச்சமில்லை.

2018 மார்ச் 15 அன்று ஈராக்கின் மேற்குப் பகுதியில், சிரியா எல்லைப் பக்கம், இரவில் பறந்த அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்று இரண்டு உயரமான கோபுரங்களுக்கு நடுவே கட்டியிருந்த கம்பியில் மோதி விழுந்தது. ஏழு பேரும் இறந்தார்கள், அதில் நான்கு பேர் 106-ஐச் சேர்ந்தவர்கள், இருவர் நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையிலும் வேலை பார்த்தவர்கள். வீட்டிலும் மீட்பு, வெளிநாட்டிலும் மீட்பு.

அடுத்து 2001 செப்டம்பர் 11. அமெரிக்காவின் வடகிழக்கு வான்வெளியைக் கண்காணிக்கிற மையம் நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்ற ஊரில் இருக்கிறது, அதில் உட்கார்ந்திருந்தவர்களும் பெரும்பாலும் நியூயார்க் ஏர் நேஷனல் கார்டு ஆட்கள்தான். அன்று காலை அங்கே ஒரு பெரிய பயிற்சி ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. 8:37 மணிக்கு பாஸ்டன் விமானக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து போன், ஒரு விமானத்தைக் கடத்திவிட்டார்கள், போர் விமானம் வேண்டும் என்று. எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, இது நிஜமா, ஒத்திகையா? நிஜம்தான் என்றார்கள். மாசசூசெட்ஸ் கார்டின் எஃப்-15-கள் 8:53-க்கு மேலே எழும்பின. அதற்குள், 8:46-க்கே, முதல் விமானம் கட்டடத்தில் மோதிவிட்டது. வர்ஜீனியாவின் லாங்லியிலிருந்து எழும்பியவை வடக்கு டகோட்டா கார்டின் எஃப்-16-கள். அதாவது அன்று காலை அந்தப் பகுதியில் தயார் நிலையில் இருந்த போர் விமானங்கள் எல்லாமே மாநிலப் படைகளுடையவை. பனிப்போர் முடிந்ததும் செலவைக் குறைக்க இந்தக் காவல் வேலையை அவர்களிடம் தள்ளிவிட்டு, நாடு முழுக்கச் சேர்த்து ஏழு இடங்களில் மட்டும் இரண்டிரண்டு விமானங்களை வைத்திருந்தார்கள், அதுவும் வெளியிலிருந்து வருகிற எதிரியை எதிர்பார்த்து. தாமதத்துக்கு ரோமில் உட்கார்ந்திருந்தவர்களைக் குறை சொல்கிறவர்கள் இந்த ஏற்பாட்டை மறந்துவிடுகிறார்கள். இப்போது அதே மையம் நாட்டின் கிழக்குப் பகுதி முழுவதையும் பார்த்துக்கொள்கிறது.

இப்போது ஷெனெக்டடிக்கு வருவோம். அங்கே இருப்பது 109-ஆம் சரக்குப் படைப்பிரிவு, முகாமின் பெயர் ஸ்ட்ராட்டன். 1975-ல் இவர்களுக்கு ஒரு விசித்திரமான பொறுப்பு வந்தது. ரஷ்யக் குண்டுவீச்சு விமானம் வடதுருவம் வழியாக வந்தால் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று அமெரிக்கா அலாஸ்காவிலிருந்து கிரீன்லாந்து வரை ரேடார் நிலையங்களை வரிசையாக வைத்திருந்தது. அதில் டை-2, டை-3 என்று இரண்டு நிலையங்கள் கிரீன்லாந்தின் பனிப்பாளத்தின் மேலேயே நின்றன. சாலை கிடையாது, கெட்டியான ஓடுபாதை போட முடியாது, டீசல் முதல் முட்டை வரை எல்லாம் பனியில் இறங்குகிற விமானத்தில்தான் போக வேண்டும். அலாஸ்காவிலிருந்த சறுக்குக்கட்டை பூட்டிய ஹெர்குலிஸ் (சி-130) விமானங்களை இவர்களிடம் ஒப்படைத்தார்கள். 1980களின் நடுவில் புதிய எல்சி-130 வந்தது. அந்தப் பத்தாண்டு முடிகிற சமயத்தில் ரேடார் நிலையங்களையே மூட ஆரம்பித்துவிட்டார்கள்.

வேலை போய்விட்டது, ஆனால் வேலை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். அண்டார்டிகாவில் அறிவியல் நிலையங்களுக்குச் சரக்கு கொண்டுபோன அமெரிக்கக் கடற்படை ஸ்க்வாட்ரனுக்கு 1988-லிருந்து இவர்கள் உதவிக்குப் போக ஆரம்பித்தார்கள். 1999-ல் கடற்படை மொத்தமாக விலகிக்கொள்ள, பொறுப்பு முழுவதும் இவர்கள் கைக்கு வந்தது. செலவைக் கொடுப்பது தேசிய அறிவியல் அறக்கட்டளை. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை அண்டார்டிகா, ஏப்ரல் வாக்கில் இருந்து ஆகஸ்ட் வரை கிரீன்லாந்து, இப்படி வருஷம் முழுக்க ஏதாவது ஒரு துருவத்தின் கோடைகாலத்தைத் துரத்திக்கொண்டே இருப்பார்கள்.

எல்சி-130-ன் சறுக்குக்கட்டையைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பதிலே வீண். மூக்குக்கு ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பக்கத்துக் கட்டைகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 அடி நீளம், அடியில் வழுக்குவதற்கு டெஃப்ளான் பூச்சு. கட்டையின் நடுவில் சக்கரம் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஒரு துவாரம். கட்டையை மேலே தூக்கினால் சக்கரத்தில் கான்கிரீட் ஓடுபாதையில் ஓடலாம், கீழே இறக்கினால் பனியில் சறுக்கலாம், அதனால்தான் ஷெனெக்டடியில் கிளம்புகிற அதே விமானம் தென் துருவத்தில் இறங்க முடிகிறது.

இறங்குவது பெரிய விஷயமில்லை என்பார்கள், கிளம்புவதுதான். சறுக்கி வந்த உராய்வில் கட்டைக்கு அடியில் பனி லேசாக உருகியிருக்கும், விமானம் சும்மா நின்றால் அது மறுபடி உறைந்து கட்டையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முடிந்தவரை நிற்பதே இல்லை. எஞ்சின் நான்கும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்கதவைத் திறந்து, விமானத்தை மெதுவாக முன்னால் நகர்த்தினால் சரக்குத் தட்டுகள் தானாக வழுக்கிப் பனியில் போய் உட்கார்ந்துவிடும். புதுப் பனியில் கிளம்பும்போது வேகம் ஏறவே ஏறாது. முன்கட்டை மேலே எழும்புகிற வரை நான்கு எஞ்சினும் முழுச் சத்தத்தில் அலறினாலும் சேற்றில் இழுபடுகிற மாதிரி இழுபடும், ஒரு ஓட்டத்தில் முடியாவிட்டால் சுற்றி வந்து தன்னுடைய தடத்திலேயே மறுபடி ஓடுவார்கள், எடையைக் குறைக்கவும் நேரும். ரொம்ப மோசமான இடங்களில் விமானத்தின் பக்கவாட்டில் எட்டு ராக்கெட் குழல்களை மாட்டிக் கொளுத்துவார்கள், கால் நிமிடம்போல எரியும், அதற்குள் எழும்பியாக வேண்டும். இப்போது எட்டு இதழ் கொண்ட புது புரொப்பல்லர்கள் வந்தபின் ராக்கெட்டின் தேவை குறைந்துவிட்டது. இந்தப் பயிற்சிக்குப் போகிற இடம் கிரீன்லாந்தில் அந்தப் பழைய டை-2-க்குப் பக்கத்திலேயே இருக்கிற ரேவன் முகாம். காலியான ரேடார் கட்டடம் இன்னும் அங்கே பனியில் நிற்கிறது.

இவர்கள் உலகச் செய்தியானது 1999-ல். தென் துருவ நிலையத்தில் அந்தக் குளிர்காலத்துக்கு ஒரே டாக்டர் ஜெர்ரி நீல்சன். தன் மார்பில் கட்டி இருப்பதைத் தானே கண்டுபிடித்து, கூட இருந்தவர்களின் உதவியோடு திசுவை எடுத்துப் பரிசோதித்து, புற்றுநோய் என்று தெரிந்ததும் கீமோ மருந்தையும் தனக்குத் தானே ஏற்றிக்கொண்டார். மருந்து போனது ஜூலையில், இருட்டில், விமானப்படையின் பெரிய விமானத்திலிருந்து பாராசூட்டில். ஆளை அழைத்து வர முடியாது, ஏனென்றால் அந்தக் குளிரில் விமானத்தின் எண்ணெயும் ஹைட்ராலிக் திரவமும் கூழாகிவிடும், இறங்கிய விமானம் திரும்பாது. அக்டோபர் 16 அன்று, வழக்கமான பருவம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே, மைனஸ் 50 டிகிரியை ஒட்டிய குளிரில் 109-இன் விமானம் அங்கே இறங்கியது. எஞ்சினை நிறுத்தாமல் மாற்று டாக்டரை இறக்கிவிட்டு, நீல்சனை ஏற்றிக்கொண்டு அரைமணி நேரத்துக்குள் கிளம்பிவிட்டது. நீல்சன் அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்து வருஷம் வாழ்ந்தார்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது செய்தியில் வராத சரக்குப் பயணங்கள். 2008-ல் திறந்த புதிய தென் துருவ நிலையத்தின் உத்திரம், சுவர், ஜன்னல் எல்லாம் அண்டார்டிகா கரையோரத்து மக்மர்டோ நிலையத்திலிருந்து இந்த விமானங்களில்தான் நூற்றுக்கணக்கான நடைகளில் போயின. நியூட்ரினோ என்கிற நுண்துகள்களைப் பிடிக்கப் பனிக்குள் 5,160 உணரிகளைப் புதைத்திருக்கிற ஐஸ்க்யூப் ஆய்வகத்துக்கான கருவிகளும், துளை போடத் தேவையான எரிபொருளும் அப்படியே போய்ச் சேர்ந்தவை. கிரீன்லாந்தின் பனிப்பாளத்தில் துளைபோட்டு எடுக்கிற பனித்தண்டுகளை வைத்துப் பழங்கால வானிலையைப் படிக்கிறார்களே, அந்த முகாம்களுக்கும் இவர்கள்தான் வண்டிக்காரர்கள்.

கவர்னருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டால், நேரடியாக ஒன்றுமில்லை. ஆனால் 2022 டிசம்பரில் பஃபலோ பனிப்புயலில் ஊரே புதைந்தபோது கவர்னர் கூப்பிட்ட கார்டு ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள், பஃபலோ வெள்ளத்துக்கும் புயலுக்கும் நயாகரா முகாமிலிருந்து எப்போதும் ஆள் போகும். 2017-ல் ஹார்வி புயலில் ஹூஸ்டன் மூழ்கியபோது 106-இன் படகும் ஹெலிகாப்டரும் டெக்சாஸ் வரை போய் நூற்றுக்கணக்கானவர்களை மீட்டன. மாநிலங்கள் ஒருவருக்கொருவர் படையைக் கடன் கொடுக்க ஒப்பந்தமே இருக்கிறது, வாஷிங்டன் வழியாகச் சுற்றி வர வேண்டியதில்லை.

எஜமானர் தகராறு இன்னும் முடிந்தபாடில்லை. 2024-ல் கார்டுக்குள் இருக்கிற விண்வெளிப் பிரிவுகளை, கவர்னர்களைக் கேட்காமலே, புதிய விண்வெளிப் படைக்கு மாற்ற விமானப்படை திட்டம் போட்டது. இரண்டு கட்சிக் கவர்னர்களிலும் பெரும்பாலோர் சேர்ந்து எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். ஆட்கள் எண்ணிக்கை சில நூறுதான், ஆனால் இன்று இதை விட்டால் நாளை எதையும் கேட்காமல் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர்களுடைய பயம். 1990 தீர்ப்புக்குப் பிறகு கவர்னர் கையில் மிச்சமிருக்கிற பிடி எவ்வளவு சின்னது என்று பார்த்தால் அந்தப் பயம் புரிகிறது.

நியூயார்க் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஷெனெக்டடி ஏர்போர்ட்டை ஒட்டியே ஒரு விமான அருங்காட்சியகம் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் சறுக்குக்கட்டை மாட்டிய ஹெர்குலிஸ் ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்க வாய்ப்பு உண்டு. டிசம்பர், ஜனவரியில் போனால் நல்ல பங்கு விமானங்கள் அண்டார்டிகாவில் இருக்கும், அதனால் மார்ச்சிலோ செப்டம்பரிலோ போவது நல்லது.